தினமும் தண்ணீர் வரும் சர்வர்

மாடரேட்டர் பொறுப்புக்குப் புதிதாக வந்திருப்பவர்களில் ஒருவர் முதல் வாரமே ஒரு புகார் எழுதியிருந்தார். நம் இணைய சர்வரில் பல கணக்குகள் தினமும் காலையில் ஒரே வாக்கியத்தை எழுதுகின்றன: 'தண்ணி வந்துருச்சுங்க.' கோவையில் பெரும்பாலான ஏரியாக்களில் குடிநீர் தினமும் வருவதில்லை. ஆகவே இவை மனிதர்கள் நடத்தும் கணக்குகள் அல்ல, தானியங்கிகளாக இருக்கலாம், முடக்கிவிடலாமா என்று கேட்டிருந்தார்.

புகார் நன்றாக எழுதப்பட்டிருந்தது. அவர் கவனித்தது சரி. அந்த வாக்கியம் பெரும்பாலும் பொய் என்பதும் சரி. ஆனால் எழுதுகிறவர்கள் மனிதர்கள்தான். நானும் அவர்களில் ஒருத்தி.

பொறுப்பை உங்களிடம் விட்டுப் போகும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏரியாக்களின் பெயர்களையும் வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். எவற்றை என்று கேட்காதீர்கள். ஏன் கேட்கக் கூடாது என்பதுதான் நான் சொல்லப்போவது.

நான் செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியர் குழுவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு இந்த சர்வரில் சேர்ந்தேன். இதை நடத்தும் அட்மின் யூசுப் பாய்க்குக் காந்திபுரத்தில் செல்போன் உதிரிபாகக் கடை இருக்கிறது. பெரிய கம்பெனியின் தளத்தில் வாய்ச்சண்டை தாங்காமல் வெளியே வந்த நாலைந்து பேர் சேர்ந்து, நமக்கென்று ஒரு சிறிய இடம் இருக்கட்டும் என்று தொடங்கியது. இப்படிப் பல சர்வர்கள் இணைந்த இந்த வலையமைப்பில் முதலாளி யாரும் கிடையாது. ஒவ்வொரு சர்வரும் தனி வீடு. ஒரு வீட்டில் எழுதுவதன் நகல் மற்ற வீடுகளுக்கும் போகும். செய்தித்தாளில் வேலை பார்த்தவளுக்கு இது புரியாத விஷயமல்ல. பார்சல் வண்டியில் ஏறிப் போன பத்திரிகையை யாரும் திரும்பக் கூப்பிட முடியாது. 'அழி' என்ற பொத்தானை அழுத்தினால், மற்ற வீடுகளுக்கு 'தயவுசெய்து நீங்களும் அழியுங்கள்' என்று ஒரு வேண்டுகோள் போகிறது. கேட்பதும் கேட்காததும் அவர்கள் விருப்பம்.

நம் சர்வரின் பழக்கங்களில் முதலாவது மரியாதை. புதிதாக யார் வந்தாலும் 'வாங்க, எந்த ஊருங்க, எந்தப் பக்கமுங்க' என்று நாலு பேராவது கேட்பார்கள். இரண்டாவது, காலைத் தண்ணீர். பாய்தான் ஆரம்பித்து வைத்தார். யார் வீட்டில் நல்லதண்ணி வந்ததோ அவர்கள் காலையில் எழுதுவார்கள். பக்கத்துத் தெருக்காரர் பார்த்துவிட்டுக் குடத்தோடு ஓடுவார். அதிலேயே சிறுவாணித் தண்ணீரின் ருசி, மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவரைத் திட்டுவது, காபி, பேருந்து நெரிசல் எல்லாம் வரும். அரசியல் பேசாமல் ஒரு ஊர் ஒன்றுகூடும் இடம் அது. சண்டையே வராத அந்த உரையாடல் இழையில் கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் இருந்தோம்.

புளியம்பூ என்ற பெயரில் ஒரு பெண் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே மாடரேட்டர்களுக்குத் தனிச் செய்தி அனுப்பினாள்: கணவன் வீட்டை விட்டு வந்துவிட்டேன். காரமடைப் பக்கம் தோட்டம், மில் என்று பெரிய குடும்பம். அண்ணனும் கணவனும் சேர்ந்து தேடுகிறார்கள். கிடைத்தால் காரில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார்கள், மறுபடி வெளியே வர முடியாது. வேலையும் அறையும் கிடைத்திருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியக் கூடாது.

எங்களுக்கும் சொல்ல வேண்டாம் என்று எழுதினேன். அவளும் சொல்லவில்லை.

'எந்த ஊருங்க' என்று கேட்டவர்களுக்கு 'இங்கதானுங்க' என்று சமாளித்தாள். நன்றாக எழுதினாள். ஹாஸ்டல் சட்னியைப் பற்றி அவள் எழுதியதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்திருக்கிறேன். சில மாதங்களில் காலைத் தண்ணீர் இழையிலும் வந்து உட்கார்ந்தாள். 'இன்னைக்கு வந்துருச்சுங்க. பக்கெட் சண்டையில ஜெயிச்சுட்டேன்.' இதில் ஊர் பேர் இல்லை, தெரு பேர் இல்லை. எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

பிறகு ஒருநாள் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

'அக்கா, சாமானியன்னு வேற சர்வர்ல இருந்து ஒருத்தர் வர்றாருங்க. தண்ணி வந்துச்சுங்களா அம்மணின்னு கேக்கறாரு. தப்பா ஒண்ணும் கேக்கல. ஆனா பயமா இருக்குதுங்க. எதுக்குன்னு எனக்கே தெரியல.'

அவருடைய பதிவுகளை எடுத்துப் படித்தேன். அவர் புளியம்பூவை மட்டும் கேட்கவில்லை. இழையில் இருக்கும் எல்லோரையும் கேட்டிருந்தார். 'ஏனுங்க, சாப்டீங்களா? தண்ணி வந்துச்சுங்களா?' ஒவ்வொரு வரியிலும் மரியாதை. வசையில்லை, ஆபாசமில்லை, தனிச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்ததில்லை. நம் விதிகளை வரிவரியாக வைத்துப் பார்த்தாலும் அவர் எதையும் மீறவில்லை. ஊரை விட்டு எங்கோ இருக்கும் தனிமையான ஒரு மனிதர் ஊர்ப்பேச்சுக்காக ஏங்கினால் இப்படித்தான் எழுதுவார்.

இரண்டாம் முறை படிக்கும்போது நேரத்தைப் பார்த்தேன். புளியம்பூ 'வந்துருச்சு' என்று எழுதும் நாட்களில், அவர் உடனே வேறு வேறு ஆட்களிடம் போகிறார். 'உங்க பக்கமும் இன்னைக்குங்களா?' சிங்காநல்லூர்க்காரரைக் கேட்கிறார், குனியமுத்தூர்க்காரரைக் கேட்கிறார். அவர்கள் தங்கள் ஊர் பேரை மறைக்கிறவர்கள் இல்லை. இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போகிறார். அவள் எழுதாத நாட்களில் அவரும் இப்படி அலைவதில்லை.

நிருபர்கள் செய்யும் வேலை இது. ஒரு தகவலை இரண்டாவது ஆளிடம் சரிபார்ப்பது. ஒவ்வொரு ஏரியாவுக்கும் தண்ணீர் விடும் முறை ஒன்று உண்டு. ஒருத்தி வீட்டில் எந்தெந்தக் கிழமைகளில் வந்தது என்று தெரிந்தால், அதே கிழமைகளில் வேறு எங்கே வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், ஊர் சுருங்கிக்கொண்டே வரும்.

செய்தித்தாளில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மாற்றிப் போடுவோம். பெயரை மாற்றிவிட்டு, அவள் தெருமுனைக் கோயில், கணவனின் தொழில், பிள்ளைகளின் வயது என்று மற்ற எல்லாவற்றையும் போட்டுவிடுவோம். அந்த ஞாபகம் வந்தது.

ஆனாலும் எனக்கு உறுதியில்லை. நான் பார்ப்பது கண்ணியா, அல்லது என் பழைய தொழில் எதைப் பார்த்தாலும் சதியாகக் காட்டுகிறதா?

பாய் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு டிஸ்ப்ளேவை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, துடைப்பதை நிறுத்தினார்.

"எந்த ஏரியான்னு கேக்கற கேள்வியே எனக்குப் புடிக்காதுங்க மேடம். எங்க ஏரியா பேரைச் சொன்னா ஊடு காலியில்லைன்னு சொன்னவங்க எத்தனை பேரு! அப்படியிருந்தும் பாருங்க, இந்தத் தண்ணிப் பேச்சை நானே ஆரம்பிச்சு வெச்சிருக்கேன்."

"இப்ப என்ன பண்றதுங்க?"

"அந்த சர்வரையே அறுத்துட்டா முடிஞ்சுது. அங்கிருந்து ஒரு எழுத்து இங்க வராது, இங்கிருந்தும் போகாது."

"போனது போனதுதானுங்களே. இப்ப அறுத்துட்டா, பொறகு அந்தப் பொண்ணு பழைய பதிவை அழிச்சாலும் அழிச்ச சேதி அங்க போய்ச் சேராது. பழசெல்லாம் அங்கயே நிக்கும்."

"அப்ப முதல்ல அழிக்கச் சொல்லுங்க, அப்புறம் அறுக்கலாம்."

"ஒரே நாள்ல எல்லாத்தையும் அழிச்சா, தேடறவனுக்கு அதுவே பதிலாயிருங்க."

"ஏனுங்க மேடம், நீங்க எதைச் சொன்னாலும் ஒரு ஓட்டை சொல்றீங்களே. பேப்பர்ல இருந்தப்பவும் இப்படித்தானுங்களா?"

"அதுக்குத்தான் சம்பளம் குடுத்தாங்க."

புளியம்பூவின் பெயரைச் சொல்லாமல், சாமானியனைப் பற்றி மட்டும் அந்த சர்வரின் அட்மினுக்கு எழுதிப் பார்ப்பது என்று முடிவானது. பதில் உடனே வந்தது: 'அவர் தவறாக எதுவும் எழுதவில்லையே. உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருமே ஒருவரை ஒருவர் இப்படித்தானே விசாரிக்கிறீர்கள்?' நியாயமான பதில். அதைப் படித்துவிட்டுப் பாய் வெகுநேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. இவ்வளவும் பேசிய நாங்கள் இருவரும் புளியம்பூவைக் கேட்கவேயில்லை. கடையிலிருந்தே அவளுக்கு எழுதினேன். அவள் பேச வேண்டும் என்றாள். சர்வர் வழியே குரல் அழைப்பு. முதல்முறையாக அவள் குரலைக் கேட்டேன்.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டீங்களாக்கா?"

அதில் கோபம் இருந்ததா, கிண்டல் இருந்ததா, தெரியவில்லை. சர்வரை அறுப்பது பற்றிச் சொன்னேன்.

"அறுத்துப்போடாதீங்க. எந்தங்கச்சி அங்கதான் இருக்கா. வேற பேர்ல. அவ போனை ஊட்ல எல்லாரும் பாப்பாங்க. சமைச்சதைப் படம் புடிச்சுப் போடுவா. பாத்துட்டேன்னு நான் ஒரு ஸ்டார் குத்துவேன். நான் எதாச்சும் எழுதுனா அவ ஒண்ணு குத்துவா. ரெண்டு பேரும் உசுரோட இருக்கறோம்னு அவ்வளவுதானுங்க பேச்சு. அதையும் அறுத்துட்டா எனக்கு யாருமில்லீங்க."

"சரி, அந்த ஆளை மட்டும் முடக்கட்டுமா?"

"முடக்குனா, சரியான இடத்தைத்தான் தொட்டுருக்கறோம்னு தெரிஞ்சுக்குவாங்க. நான் திடீர்னு எழுதாம நின்னாலும் அதேதான். எங்கண்ணனைப் பத்தி எனக்குத் தெரியுங்க்கா. அவன் சத்தம் போடற ஆளில்ல. தோட்டத்துக்கு வர்றவங்ககிட்டக்கூட வாங்க போங்கன்னுதான் பேசுவான்."

"அது உங்க அண்ணனாட்ட இருக்குதுங்களா?"

"இருக்கும்னும் தோணுது. இல்லைன்னும் தோணுது."

"பின்ன என்ன பண்ணலாம் அம்மணி?"

"நான் பொய் சொல்லிக்கறேங்க்கா. வராத நாள்ல வந்துச்சுன்னு எழுதறேன்."

அன்று எடுத்த முடிவுகளிலேயே அதுதான் சரியானது என்று இன்றும் நினைக்கிறேன். எடுத்தவள் அவள். ஆபத்தில் இருக்கிறவருக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது. எந்தக் கயிறை அறுத்தால் யார் விழுவார்கள் என்பதும் தெரியாது. முதலில் கேளுங்கள். பிறகு பொத்தானைத் தொடுங்கள்.

ஆனால் சரியான முடிவும் கெட்டுப்போகும். எப்படி என்று சொல்கிறேன்.

நம் சர்வரில் மாரப்பன் என்று ஒருவர். உங்களுக்கும் தெரியும். வீட்டுப் புரோக்கர். வாடகைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீரைத்தான் என்பதால், எந்த ஏரியாவுக்கு என்றைக்கு விடுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். இழையில் யாராவது கிழமையை மாற்றிச் சொன்னால் உடனே திருத்துவார். அதில் அவருக்கு ஒரு பெருமை. எங்களுக்கும்தான்.

புளியம்பூ தன் முதல் பொய்யை எழுதினாள். 'இன்னைக்கு வந்துருச்சுங்க. ரொம்ப வேகமா வருது.'

மாரப்பன் பதில் போட்டார். 'ஏனுங்க அம்மணி, உங்க பக்கம் இன்னைக்கு எப்படிங்க வரும்? போத்தனூர் லைன்ல நேத்தே விட்டுட்டாங்களே. உப்புத்தண்ணியப் புடிச்சுப்போட்டு நல்லதண்ணின்னு சொல்றீங்களா?'

போத்தனூர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவள் மாதக்கணக்கில் எழுதியதைப் படித்ததிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. முயற்சி செய்துகூட அல்ல. சாமானியன் ஒவ்வொருவராகக் கேட்டுத் தேடியதை மாரப்பன் காபி குடித்துக்கொண்டே கண்டுபிடித்து, உலகம் பார்க்க எழுதிவிட்டார்.

நான் அதை உடனே அழித்தேன். அழித்த பிறகு ஒன்று புரிந்தது. அந்தப் பதிவுக்கு யார் ஸ்டார் போட்டார்கள் என்ற விவரமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. சாமானியன் பார்த்தாரா, பார்க்கவில்லையா? அதற்கு இருந்த ஒரே தடயம் அதுதான். ஒரு நிமிடம் நிதானித்துப் பார்த்துவிட்டு அழித்திருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் வேறு யாராவது படித்திருப்பார்கள். எது சரி என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது.

புளியம்பூவிடமிருந்து செய்தி வந்தது. 'பாத்துட்டேங்க்கா. கெளம்பறேன்.'

'எங்கே' என்று எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். 'சரி' என்று மட்டும் அனுப்பினேன். மாலைக்குள் அவள் கணக்கு மூடப்பட்டிருந்தது.

மாரப்பன் போனில் அழைத்தார். பேருந்து ஹார்ன் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

"அம்மணி, என்ற பதிவைத் தூக்கிப்போட்டீங்களாமா? கெட்ட வார்த்தை எதாச்சும் பேசிப்போட்டனுங்களா நானு?"

"கெட்ட வார்த்தை ஒண்ணுமில்லீங்க."

"பின்ன தப்பான தகவலுங்களா? நேத்து அந்த லைன்ல விட்டாங்களா இல்லியான்னு யாருக்கு வேணா போன் போட்டுக் கேளுங்க."

"தகவல் சரிதானுங்க."

"சரியான தகவலுக்கா தூக்குனீங்க? நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!"

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாததிலும் அவருக்குத் தெரிந்தது. ஹார்ன் சத்தம் குறைந்தது. எங்கோ ஓரமாக நகர்ந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைய யாராச்சும் தேடறாங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க."

"நீங்க சொல்லலீங்க. நானுங் கேக்கலீங்க." பிறகு மெதுவாக, "ஊடு எதாச்சும் வேணும்னா சொல்லுங்க. யாருக்குன்னு கேக்கமாட்டேன்."

"வேண்டாமுங்க."

"ஆமாங்க, வேண்டாம். எனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சுபோகும். இப்பத்தான பாத்தோம்."

சிரிக்க முயன்றார். முடியவில்லை.

மறுநாள் காலை அவர் பதிவு வந்தது. 'எல்லா ஏரியாவுலயும் இன்னைக்குத் தண்ணி வந்துருச்சுங்க.'

இழை குழம்பிப்போனது. 'எங்க குழாய்ல காத்துதான் வருது.' 'மாரப்பண்ணன் கனாக் கண்டாராட்ட இருக்குது.' 'ஊடு ஒண்ணும் வாடகைக்குப் போகலீங்களாண்ணா, இப்படி விளம்பரம் பண்றீங்க?' தவறே சொல்லாதவர் என்று பேர் வாங்கியவர், எல்லோருக்கும் ஒரே பதிலைப் போட்டார்: 'வந்துருச்சுங்க, நல்லாப் பாருங்க.' அடுத்த நாளும் அதையே எழுதினார். அதற்கடுத்த நாள் பாய் எழுதினார்: 'ஆமாங்க, எங்க ஊட்லயும் வந்துருச்சு.' வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தே பொய்யான ஒரு வரியை நான் என்றும் அச்சுக்கு அனுப்பியதில்லை. குழாயைத் திறந்து பார்த்தேன். உஸ் என்று காற்று வந்தது. 'வந்துருச்சுங்க' என்று எழுதினேன்.

பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். சிலருக்குப் புரிந்திருக்கும். சிலர் விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் விசாரிக்கவில்லை. அறிவிப்பு எதுவும் போடவில்லை. போட்டிருந்தால், இங்கே ஒருத்தி ஒளிந்திருந்தாள் என்று அதுவே சொல்லியிருக்கும். எல்லோர் வீட்டிலும் தினமும் தண்ணீர் வந்தால் யார் வீடு எங்கே என்று தெரியாது. அவ்வளவுதான் ஏற்பாடு.

இது நல்ல கதையாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மில் ஷிப்டுக்குப் போகும் ஒருவர் இழையை நம்பி, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுக் குடங்களோடு தண்ணீருக்காகக் காத்திருந்தார். வரவில்லை. 'பொய்யைப் பரப்பறதுக்கு ஒரு சர்வரா?' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். உண்மையான தண்ணீர்ச் செய்திக்காக வந்த இன்னும் சிலரும் சத்தமில்லாமல் விலகினார்கள். ஒருத்திக்காக இத்தனை பேருக்குப் பயனுள்ள ஒன்றைக் கெடுத்தோமா? அதுவும் அவள் போன பிறகு? நாளை இன்னொருத்தி வருவாள் என்பதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அது சமாதானமாகவும் இருக்கலாம்.

சாமானியன் இன்றும் வருகிறார். கொஞ்ச நாள் முன்பு எழுதினார்: 'இப்பெல்லாம் உங்க ஊர்ல தினமும் தண்ணி வருதாட்ட இருக்குதுங்க. ரொம்ப சந்தோசமுங்க.' அதைப் பலமுறை படித்தேன். கேலியா, தோல்வியா, அல்லது உண்மையிலேயே சந்தோசமா? தலைப்பு வைக்கச் சொல்லி அந்த ஒரு வரியை என்னிடம் கொடுத்திருந்தால், வைக்கத் தெரியாமல் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

புளியம்பூ எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அண்ணன் கண்டுபிடித்தானா என்றும் தெரியாது. தங்கச்சியினுடையது என்று நான் ஊகித்த கணக்கில் சமையல் படங்கள் வந்துகொண்டிருந்தன, ஸ்டார் இல்லாமல். சமையல் என்று எழுதியிருக்கிறேன். வேறு எதுவாகவும் இருக்கலாம்.

போன மாதம் ஒரு புதுக் கணக்கு சேர்ந்தது. படம் இல்லை, அறிமுகம் இல்லை. நாலைந்து பேர் 'வாங்க' என்றார்கள். எந்த ஊருங்க என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் காலை அந்தக் கணக்கும் எழுதியது: 'எங்க ஊட்லயும் வந்துருச்சுங்க. பக்கெட் சண்டையில ஜெயிச்சுட்டேன்.'

அதற்கு இரண்டு ஸ்டார்கள் இருந்தன. ஒன்று, அந்தச் சமையல் படக் கணக்கிலிருந்து. இன்னொன்று சாமானியனிடமிருந்து. அவர் எல்லோருக்கும்தான் போடுகிறார்.

ஒரு கணக்கு எங்கிருந்து வருகிறது என்ற விவரங்களைத் திறந்து பார்க்க மாடரேட்டருக்கு வசதி உண்டு. கை அந்தப் பொத்தான் வரைக்கும் போனது. எடுத்துக்கொண்டேன்.

நாளையிலிருந்து அந்தப் பொத்தான் உங்கள் கையில். நாளைக் காலையில் நீங்களும் எழுதுங்கள். குழாயைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.